வலம்வருதல்: ஒரு சொல்லா, இரு சொல்லா

வேங்கிக்கால்
6 ஜனவரி 2026

வினோவுக்கு,

இன்று காலை பதினொன்றே முக்கால் மணிக்கு, இந்த மாவட்டத்து நன்னீர் மீன்களின் வரலாற்றில் பெரியதொரு முடிவு எடுக்கப்பட்டது. 'வலம்வருதல்' என்பதை இனி ஒரே சொல்லாக எழுத வேண்டும். நடுவில் இடைவெளி விடக் கூடாது. ஐந்து பேர் ஆதரவு, இருவர் எதிர்ப்பு. எதிர்த்த இருவரில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தலை ஆடிய விதத்தை எதிர்ப்பு என்று குறித்துக்கொண்டோம். முடிவு எட்டப்பட்டதும் மாவட்ட மீன்நலக் குழுத் தலைவர் இராமலிங்கம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டீ வந்தது.

படிவத்தின் ஏழாவது கட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும்: 'மீனின் நடத்தை'. நவம்பரில் நீ அதில் 'நிலைதடுமாறிச் சுழலுதல்; நோயின் அறிகுறி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாய். அதற்குச் சுத்தப் பிரதி எடுத்த நான் அதை 'வலம் வருதல்' என்று மாற்றினேன். அப்போது அதை இரண்டு சொல்லாக எழுதியிருந்தேன். அந்தக் குறை இன்று நீங்கியது.

ஓடை அப்படியே இருக்கிறது. அடி அண்ணாமலை தாண்டி, விளக்குகளுக்கு முலாம் பூசும் ஆலையின் பின்மதிலை ஒட்டி வந்து, பாறைக்குக் கீழே மடுவாகத் தேங்கி, பிறகு மெல்லப் போகிறது. விடியற்காலைப் பனியில் மலை அந்த மடுவுக்குள் தலைகீழாகக் கிடக்கிறது. கெண்டைகள் மெதுவாக, கண் மூடாமலே தூங்குகிறவை போல, அந்தத் தலைகீழ் மலையைச் சுற்றுகின்றன. மூன்றாம் தேதி பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்தவர்களில் பாதிப்பேர் பாதை விட்டு இறங்கி வந்து மீன்களைக் கும்பிட்டார்கள். கரையில் கஸ்தூரி அக்கா விற்கும் பொரிப் பொட்டலம் மதியத்துக்கு முன்பே தீர்ந்துவிட்டது.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி கூட்டம். ஆலையின் இரண்டாம் பிரிவுக்கு அனுமதி கொடுக்கலாமா என்று அன்று முடிவாகும். மீன்நல அறிக்கையை எழுதி வாசிக்க வேண்டியவன் நான். நீ மாற்றல் வாங்கிக்கொண்டு போனபின் அந்த வேலை எனக்கு வந்தது. மூன்று மீன்களின் செவுள்களைப் பாட்டிலில் போட்டு இத்துடன் அனுப்புகிறேன். உன் ஆய்வகத்தில் வைத்துப் பார்ப்பாயா?

போன் செய்யாதீர்கள் என்றாய். செய்யவில்லை. எழுதாதீர்கள் என்று சொன்னதாக நினைவில்லை.

விமல்

•

சென்னை
9 ஜனவரி 2026

விமலுக்கு,

ஓடை எங்கே இருக்கிறது என்று எனக்கே வழி சொல்லியிருக்கிறீர்கள். அதில் முட்டியளவு தண்ணீரில் நின்று நாற்பது மீன் பிடித்தவள் நான். கரையில் நின்று 'பாசி வழுக்கும், பாத்து' என்றவர் நீங்கள்.

பாட்டில் வந்தது. மூடியைச் சரியாகத் திருகவில்லை. தபால்காரர் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கையெழுத்து வாங்கினார்.

போனில் பேச வேண்டாம் என்றதற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். உங்கள் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் தங்குவதில்லை. இந்தக் கோபம் கொஞ்ச நாள் தங்க வேண்டியது. தவறை எழுத்தில் செய்தீர்கள், எழுத்திலேயே பேசுங்கள்.

'ஒரு சொல்தானே வினோ' என்றீர்கள். அந்தச் சொல்லுக்குக் கீழே இருந்தது என் பெயர். ஆலை வாசலில் இப்போது பலகை இருக்கிறது: 'மீன்களும் வலம் வரும் தூய நீர். ஆய்வாளர் வினோதினி அறிக்கை.' சென்னைக்குப் பஸ்ஸில் வரும்போது நானே அதைப் படித்தேன். பக்கத்து சீட்டு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு இறங்கிவிடலாம் போல இருந்தது. இறங்கியிருந்தால் எங்கே நிற்பது என்று தெரியாமல் உட்கார்ந்தே வந்துவிட்டேன்.

செவுள்களைப் பார்க்க ஒரு வாரம் ஆகும். அதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். காலையில் மடுவருகே உட்கார்ந்து மீன்களை எண்ணுங்கள். எத்தனை வலப்பக்கமாகச் சுற்றுகின்றன, எத்தனை இடப்பக்கமாகச் சுற்றுகின்றன என்று தனித்தனியாக எழுதுங்கள். கிரிவலப் பாதையில் எதிர்த்திசையில் போகிற பக்தர் யாரும் இல்லை. மீன்களிலும் அப்படித்தானா என்று பார்ப்போம்.

பதினொன்றாம் தேதி நீங்கள் வாசிக்கும் அறிக்கையில், உங்கள் கையெழுத்துக்கு மேலே 'நோய்' என்ற சொல் இருந்தால் வேங்கிக்காலில் நம் வீட்டுக்குத் திரும்பி வருவேன். இல்லையென்றால் இங்கேயே வீடு பார்த்துவிடுவேன். இப்போது விடுதியில் நான்கு பேர் ஓர் அறையில் இருக்கிறோம். மூன்று பேருக்கு மீன் வாசனை ஆகாது.

வினோதினி

•

வேங்கிக்கால்
14 ஜனவரி 2026, போகி

வினோவுக்கு,

எண்ணினேன். மீன் எண்ணுவது எளிதான காரியமில்லை என்பதை நீ சொல்லியிருக்கலாம். முப்பதாவதாக எண்ணிய மீனையே ஐம்பத்தொன்றாவதாகவும் எண்ணிவிட்டேனோ என்ற ஐயம் வந்து, மூன்று முறை முதலிலிருந்து தொடங்கினேன். இடையில் பனியும் தண்ணீர்ச் சத்தமும் சேர்ந்து என்னைத் தூங்க வைத்துவிட்டன. தூக்கத்திலும் எண்ணினேன். அந்த எண்ணிக்கையை இதில் சேர்க்கவில்லை.

"இன்னா சார், காலங்காத்தால தியானமா?" என்று கேட்டுக்கொண்டே கஸ்தூரி அக்கா பொரிக்கூடையை இறக்கினார்.

"மீனை எண்றேன்கா. எந்தப் பக்கமா சுத்துதுன்னு."

"இதுல இன்னா எண்றது? பாதி இப்டி, பாதி அப்டி."

"உங்களுக்கு முன்னயே தெரியுமா?"

"தினம் இங்கதான குந்தினு கீறேன். ஜனம் வந்தா இந்தாண்ட வாங்க, நல்லா தெரியும்னு பாறை மேல நிக்க வெச்சிடுவேன். அங்கருந்து பாத்தா வலமா சுத்துறதுங்க மட்டும்தான் கண்ணுல படும்."

ஜீப்பை விட்டு இறங்கி வந்த டிரைவர் அய்யூப் பாய், "இடமா சுத்தறது எதுக்குக்கா?" என்று கேட்டார். நம்மைவிட அவருக்குத்தான் இந்த ஆராய்ச்சியில் ஆர்வம் அதிகம்.

"சாவுக்கு சுத்துவாங்க பாய். கொள்ளி வெக்கறதுக்கு முன்ன." அக்கா ஒரு பிடி பொரியைத் தண்ணீரில் போட்டார். "அதான் அதுங்க ஜாஸ்தி நாள் இருக்கறதில்ல."

பொரி மிதந்தது. எந்த மீனும் தின்ன வரவில்லை. சுற்றிக்கொண்டே அதைக் கடந்து போயின.

மடுவில் இருந்தவை நூறு. வலம் ஐம்பத்து நான்கு, இடம் நாற்பத்தாறு. எண்களை இராமலிங்கம் சாரிடம் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். "நாப்பத்தாறு மீன்தானே விமல்? எடுத்துடுங்க" என்றார். திங்கள் மாலை வலை போட்டு எடுத்தோம். எது இடமாகச் சுற்றுகிறது என்று நான் கைகாட்ட, வலைக்காரர் பிடித்தார். கல்யாண வீட்டில் பந்தியிலிருந்து ஆட்களை எழுப்புகிற மாதிரி கூச்சமாக இருந்தது.

மறுநாள் காலை எண்ணினேன். முந்தின நாள் வலம் வந்த ஐம்பத்து நான்கில் இருபத்தைந்து இடம் வந்துகொண்டிருந்தன. மறுபடி எடுக்கலாமா என்று கேட்டேன். ஒவ்வொரு தரமும் எடுத்தபின் மிஞ்சக்கூடியதை இராமலிங்கம் சார் ஒரு தாளில் ஐம்பத்து நான்கு, இருபத்தொன்பது, பதினைந்து, எட்டு என்று எழுதிக்கொண்டே போனார். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

எடுத்த நாற்பத்தாறும் அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு நீல டிரம்மில், ஓடைத் தண்ணீரிலேயே இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்று ஆணை வரவில்லை.

இன்று தெரு முழுக்கப் புகை. எதிர்வீடு தெரியவில்லை. பழையதைக் கொளுத்தச் சொல்கிறார்கள். நவம்பர் மாதத்துச் சுத்தப் பிரதி என்னிடம் ஒன்று இருக்கிறது. அதைக் கொளுத்தினாலும் நீ எழுதிய மூலம் திரும்பி வராது என்பதால் வைத்திருக்கிறேன்.

விமல்

•

சென்னை
19 ஜனவரி 2026

விமலுக்கு,

செவுள்களைப் பார்த்துவிட்டேன். செவுளின் இழைகள் சீப்பின் பற்கள் போலத் தனித்தனியாக இருக்க வேண்டும். இவற்றில் பற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மேலே கோழை போர்த்தியிருக்கிறது. முலாம் தொட்டியில் இருக்கிற உலோகம் செவுளிலும் இருக்கிறது. மீனுக்கு மூச்சு முட்டுகிறது. மூளைக்குப் போக வேண்டியது போகவில்லை. நேராகப் போகும் திறன் போய்விட்டது. அதனால் சுற்றுகிறது. இவ்வளவுதான் விஷயம். இதை நவம்பரிலேயே ஒரு வரியில் எழுதியிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சாயம் ஏற்றிய செவுள் ஊதா நிறத்தில், மேகம் இறங்கிய மலைச்சரிவு மாதிரி இருந்தது. ஐந்து நிமிடம் வேறு எதையும் யோசிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த அறையின் ஜன்னலில் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் தெரியும். இந்தப் பத்தியை அறிக்கையில் சேர்க்காதீர்கள்.

டிரம் மீன்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொல்லைப்புறச் சிமெண்டுத் தொட்டியில் நம் போர்வெல் தண்ணீரை நிரப்பி விடுங்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டு. (நீங்கள் தேய்க்காமல் விடுவீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.) ஒரு நாளைக்கு நான்கு தரம் சொம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள், காற்று கலக்கும். பொரி போடக் கூடாது. எப்படி நீந்துகின்றன என்று தினமும் குறித்துவையுங்கள்.

கஸ்தூரி அக்கா சொன்னதைப் படித்தபின் அன்று சாப்பிட முடியவில்லை. மீன் குழம்பு என்பதால் இருக்கலாம்.

பலகை இன்னும் இருக்கிறதா?

வினோதினி

•

வேங்கிக்கால்
31 ஜனவரி 2026

வினோவுக்கு,

ஏழு மீன்கள் டிரம்மிலேயே செத்துவிட்டன. மிச்சம் முப்பத்தொன்பதை இருபத்திரண்டாம் தேதி அய்யூப் பாய் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"மெதுவா போங்க பாய், தண்ணி தளும்புது."

"நான் நேராத்தான் சார் போறேன். உள்ள இருக்கறதுங்கதான் சுத்துது."

தொட்டியைத் தேய்த்தேன். இரண்டு தரம்.

முதல் நாள் சுற்றின. இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் வட்டம் பெரிதானது. ஐந்தாம் நாள் அது வட்டமே இல்லை, நீண்ட முட்டை வடிவம். ஏழாம் நாள் ஒரு மீன் தொட்டியின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை கோடு போட்டதுபோலப் போய், முட்டிக்கொண்டு, திகைத்து நின்றது. நேராகப் போகிறவர்களுக்கு நேர்வதுதான். இன்று ஒன்பதாம் நாள். முப்பத்தொன்பதும் நேராகப் போகின்றன. சொம்பால் நான் தண்ணீர் ஊற்றும்போது எல்லாம் கூடி வருகின்றன. அந்தச் சத்தம் அவற்றுக்குப் பழகிவிட்டது. எனக்கும்.

பலகை இருக்கிறது. மழையில் உன் பெயரின் நடுவே ஓர் எழுத்து கரைந்துவிட்டது. 'ஆய்வாளர் விதினி' என்று இருக்கிறது. யாரோ ஒரு பெண் தெய்வம் என்று நினைத்து நேற்று அதற்கு மாலை போட்டிருந்தார்கள்.

இனி கீழே எழுதப்போவதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுத்து வசதிதான்.

நான் பயந்துகொண்டு அந்தச் சொல்லை மாற்றினேன் என்று நீ நினைக்கிறாய். குழுவும் அப்படித்தான் நினைக்கிறது. அதனால்தான் என்னை நம்பகமானவன் என்கிறார்கள். அது அப்படி இல்லை. நவம்பர் இருபதாம் தேதி விடியற்காலை, உன் படிவத்தையும் வெற்றுப் படிவத்தையும் மடியில் வைத்துக்கொண்டு மடுவருகே உட்கார்ந்திருந்தேன். ஆறு கட்டங்களை நகல் எடுத்து முடித்தேன். நிமிர்ந்து பார்த்தபோது பனி விலகி மலை முழுதாகத் தண்ணீருக்குள் வந்திருந்தது. மீன்கள் அதைச் சுற்றிக்கொண்டிருந்தன. சத்தமே இல்லை. எனக்கு அப்போது கண்ணில் தண்ணீர் வந்தது வினோ. ஏழாவது கட்டத்தில் கண்ணால் கண்டதை எழுதினேன். யாரும் சொல்லி எழுதவில்லை. அழகாக இருந்தது, எழுதிவிட்டேன்.

மறுநாள் இராமலிங்கம் சார் தோளில் தட்டினார். உன்னிடம் சொல்லித் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. பயம் அப்போதுதான் வந்தது. ஆக இரண்டும் உண்டு. வரிசை மட்டும் நீ நினைத்ததுபோல இல்லை.

விமல்

•

சென்னை
4 பிப்ரவரி 2026

விமலுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் இன்னும் கோபம் வந்தது. பயந்தவரை மன்னிப்பது சுலபம் என்று நினைத்துவைத்திருந்தேன், அதையும் கெடுத்துவிட்டீர்கள்.

அழகாக இருந்தது உங்கள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது என்று நினைத்தீர்களா? கால் மரத்துப்போகிறவரை அந்தத் தண்ணீரில் நின்று நானும் பார்த்தேன். நீங்கள் கரையிலிருந்து மலையின் நிழலைப் பார்த்தீர்கள். நான் நின்ற இடத்திலிருந்து மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடுவது தெரிந்தது. பார்த்துவிட்டுத்தான் அந்தச் சொல்லை எழுதினேன். எழுதும்போது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. உங்களிடம் அதைச் சொல்லியிருக்கலாம். கரைக்கு வந்து 'துண்டை எடுங்க' என்று மட்டும் சொன்னேன்.

செவுள் படங்களைத் தனி உறையில் அனுப்பியிருக்கிறேன். அறிக்கையைச் சின்னதாக எழுதுங்கள். உங்களுக்கு உவமை வரும், வந்தால் அடித்துவிடுங்கள். வலம், இடம் எண்ணிக்கையைப் போடுங்கள். முப்பத்தொன்பது மீன்களும் நல்ல தண்ணீரில் ஒன்பது நாளில் நேராகிவிட்டன என்பதைக் கட்டாயம் போடுங்கள். அதை மறுத்துப் பேச யாராலும் முடியாது. நோய் மீனில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது என்று அந்த ஒரு வரியே சொல்லிவிடும்.

கூட்டத்துக்கு முன் பயம் வந்தால் தொட்டிக்குப் போய் நான்கு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள்.

கையெழுத்திட்ட படியை அனுப்புங்கள். பிப்ரவரி இருபத்திரண்டு, ஞாயிற்றுக்கிழமை எனக்கு இங்கே வேலை எதுவும் இல்லை.

வினோ

•

வேங்கிக்கால்
19 பிப்ரவரி 2026

வினோவுக்கு,

வாசித்தேன். படியை இத்துடன் வைத்திருக்கிறேன். ஏழாவது கட்டத்தைப் பார்: 'நிலைதடுமாறிச் சுழலுதல். காரணம் நோய். நோய்க்குக் காரணம் ஆலைக் கழிவு.' கீழே என் பெயர். உவமை எதுவும் இல்லை. ஒன்று வந்தது, அடித்துவிட்டேன். அடித்தது படியில் லேசாகத் தெரியும்.

சென்ற கூட்டத்தில் தூங்கியவர் இம்முறை விழித்திருந்தார். "'வலம்வருதல்'னு ஒரே சொல்லா முடிவு பண்ணமே?" என்றார். அது இந்த மீன்களுக்குப் பொருந்தாது என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. படிவத்தை மாற்றி எழுதச் சொல்வார்கள் என்று நினைத்து, மாட்டேன் என்று சொல்லும் வாக்கியத்தை மனத்தில் தயாராக வைத்திருந்தேன். யாரும் மாற்றச் சொல்லவில்லை.

ஆலை மேலாளர் பிரகாஷ் எழுந்தார். கோபமே இல்லை. செவுள் படங்களை வாங்கிப் பார்த்து, "பாவம் சார்" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். பிறகு, "சார் சொல்றது கரெக்டு. நல்ல தண்ணில விட்டா ஒன்பது நாள்ல நேராயிடுதுல்ல?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமாங்க. முப்பத்தொன்பதும்."

"அப்ப நல்ல தண்ணில விட்டுடலாமே."

இராமலிங்கம் சார் நிமிர்ந்தார். "தண்ணியச் சுத்தம் பண்ணிடறேன்னு சொல்றீங்களா?"

"இல்ல சார். மீனைச் சொல்றேன். எங்க வளாகத்துல தொட்டி கட்டித் தர்றோம். போர்த் தண்ணி. மொத்த மீனையும் அதுல விட்டுடலாம். ஒண்ணுகூட கஷ்டப்பட வேணாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஓடை..." என்று தொடங்கினேன். "ஓடைக்கு இன்னா விமல், ஓடைக்கு நோய் வந்ததா நீங்களே எழுதலியே" என்றார் இராமலிங்கம் சார், அன்பாகவே. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. முடிவு ஒருமனதாக நிறைவேறியது. மீன்கள் குணமாகும் வழியைக் கண்டுபிடித்ததற்காக உனக்கும் எனக்கும் பெயர் சொல்லி நன்றி தெரிவித்திருக்கிறார்கள்.

பதினான்காம் தேதி தொடங்கி மூன்று நாள் வலை போட்டார்கள். மடுவில் மட்டுமில்லை, ஆலை மதிலிலிருந்து கீழ் மதகு வரை. நான் நின்று பார்த்தேன். கடைசி வலை தூக்கியபின் தண்ணீர் அசைவில்லாமல் நின்றது. மலை அதில் அவ்வளவு தெளிவாக எப்போதும் தெரிந்ததில்லை.

கஸ்தூரி அக்கா மறுநாள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஆலைத் தொட்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "அக்கா, அங்க வியாபாரம் எப்படி?" என்று கேட்டேன்.

"நேரா போற மீனை எவன் சார் வந்து பாப்பான்?" என்றார். இப்போது அவர் பாதையோரம் இளநீர் விற்கிறார்.

நம் வீட்டு முப்பத்தொன்பதையும் கேட்டார்கள். அவை ஆய்வு முடியாத மாதிரிகள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அது பொய். உன் பெயரில் இல்லை, என் பெயரில்.

ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணி பஸ் என்று நீ எழுதி அது எனக்கு வந்து சேர நாள் இல்லை. போன் செய்.

விமல்

பி.கு. ஓடையில் மீன்கள் இல்லாததால் மீன்நல ஆய்வுக் கோப்பு பதினேழாம் தேதி மூடப்பட்டது. ஆலையின் இரண்டாம் பிரிவுக்குப் பதினெட்டாம் தேதி அனுமதி வந்தது.